நான்கு கட்டத்தில் குவோக்கா

ஜூலை 14, திங்கள்

நாட்குறிப்பு எழுதுகிறவர்களைக் கிண்டல் செய்தே இரண்டு தீபாவளி மலர்களில் இடம்பிடித்தவன் நான். இப்போது நானே எழுதுகிறேன். ஆஸ்பத்திரிக் கூடத்தில் ஒருவன் சும்மா உட்கார்ந்திருந்தால் பக்கத்து நாற்காலிக்காரர் தன் குடல்புண்ணின் வரலாற்றைத் தொடங்கிவிடுவார். எழுதிக்கொண்டிருந்தால் எட்டிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வார். டைரி, கீழே மருந்துக்கடையில் இனாமாகக் கொடுத்தது. பாதி வருடம் போனபிறகு டைரியை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்?

விஷயம் இதுதான். என் தங்கை பொற்கொடிக்கு நேற்று மாலை பெண் குழந்தை, ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். செப்டம்பர் கடைசியில் வரவேண்டியவள் ஜூலையிலேயே வந்துவிட்டாள். எங்கள் குடும்பத்தில் யாரும் எந்த விசேஷத்துக்கும் நேரத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்ததாகச் சரித்திரம் கிடையாது. இவள்தான் முதல். எடை, கடையில் ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தைத் தூக்கிப் பார்த்தால் தெரியுமே, அதற்குக் கொஞ்சம் மேலே.

பொற்கொடிக்கு நாற்பத்தொன்று. இதற்கு முன்பு இரண்டு தடவை தங்கவில்லை. அதைப் பற்றி வீட்டில் பேசுவதில்லை. இங்கேயும் எழுதப்போவதில்லை.

மாப்பிள்ளை பூபாலன் சரக்குக் கப்பலில் இஞ்சினியர். நடுக்கடலில் இருக்கிறார். 'நிறுத்துங்க, இறங்கிக்கிறேன்' என்று சொல்ல அது மத்திய பேருந்து நிலையத்துக்குப் போகிற டவுன் பஸ் இல்லை. ஆகையால் பொறுப்பு தாய்மாமனுக்கு. காதுகுத்தில் மடியைக் கொடுப்பதுதான் என் முதல் வேலை என்று நினைத்திருந்தேன்.

"இப்போதைக்கு ஸ்டெடியா இருக்கா. ஒவ்வொரு நாளா பார்ப்போம்" என்றார் டாக்டர் ரெஹானா. எனக்குக் கவலை ஒன்றும் இல்லை. நான் பேனா மூடியைத் தின்றுவிட்டதாக என் மனைவி வசுமதி சொல்கிறாள். அபாண்டம். பாதிதான்.

ஜூலை 15, செவ்வாய்

கண்ணாடிப் பெட்டிக்குள் பார்க்க விட்டார்கள். பார்த்தேன்.

ஜூலை 16, புதன்

ஊர் உலகத்தில் யாருக்கு என்ன நடந்தாலும் வாரப் பத்திரிகைக்குக் கடைசிப் பக்கம் உண்டு. அதில் குறுக்கெழுத்து உண்டு. அதைத் தயாரிப்பவன் இந்த இளவழகன். பெயரில் உள்ள இரண்டில் ஒன்றுகூட என்னிடம் இப்போது இல்லை. வார்த்தையை யார் வேண்டுமானாலும் நிரப்பிவிடுவார்கள். குறிப்பைப் படித்துச் சிரிக்கவேண்டும், அதுதான் என் சரக்கு. 'விளக்கு' என்பதற்குப் போன வருடம் நான் எழுதியது: 'மின்வாரியம் மனது வைத்தால் எரியும்.' பத்திரிகை கடைக்கு வந்த நாளே முழுவதையும் நிரப்பிவிட்டு, போன் போட்டு, "ஏழாவது குறிப்பு பழசுண்ணே" என்று சொல்கிற ஒரே வாசகி பொற்கொடி.

இந்த வாரம் கீழ் மூலை மாட்டிக்கொண்டது. கு, அடுத்து ஒரு காலிக் கட்டம், க், கா. எதிர் நாற்காலியில் முசிறிக்காரர் ஒருவர். அவருக்கு இரட்டைக் குழந்தைகள், இரண்டும் உள்ளே. கட்டத்தை அவரிடம் காட்டினேன்.

"குருக்கா" என்றார்.

"அப்படி வார்த்தை கிடையாதே."

"ஏன் கிடையாது? எங்க தெருவுல இருந்துச்சே."

"என்ன இருந்தது?"

"குருவம்மாக்கா. குருக்கான்னுதான் கூப்பிடுவோம். நல்லா பணியாரம் சுடும்."

பணியாரத்தைக் கட்டத்தில் போட முடியாது என்பதால் செல்போனில் தேடினேன். குவோக்கா. ஆஸ்திரேலியாவின் மேற்கு ஓரத்தில் வாழும் பைப்பாலூட்டி. கங்காருவுக்கு ஒன்றுவிட்ட தம்பி, பூனையின் பருமன். வாயின் அமைப்பினால் எந்நேரமும் சிரிப்பதுபோலவே இருக்குமாம். படத்தைப் பார்த்தேன். வாடகை ஏற்றப்போகிற வீட்டுக்காரரின் சிரிப்பு.

ஆசிரியர் நாச்சியப்பன் போனில் அலுத்துக்கொண்டார். "யாருக்கய்யா தெரியும் இது? பட்டுக்கோட்டை வாசகர் என்னைத் திட்டி எழுதுவார்."

"குறிப்பைப் படிச்சாலே புரியிற மாதிரி எழுதிடறேன் சார்."

முதல் முயற்சி: 'அரைகுறையாகப் பிறந்த குட்டியைப் பையில் வைத்து வளர்க்கும் சிறு விலங்கு.'

அடித்துவிட்டேன். நீளம் அதிகம்.

ஜூலை 18, வெள்ளி

பொற்கொடிக்குக் காய்ச்சல். தையல் போட்ட இடத்தில் கிருமி. மேல் மாடியில் தனி அறையில் வைத்துவிட்டார்கள். காய்ச்சல் இறங்கும்வரை குழந்தையிடம் போகக்கூடாது.

நர்ஸ் ஜெசிந்தா கூடத்துக்கு வந்து, கறிக்கடையில் ஆட்டைப் பார்ப்பதுபோல் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சார், உடம்புக்கு ஒண்ணுமில்லையே? சளி, இருமல், சொறி?"

"நகைச்சுவை எழுத்தாளன். அது ஒண்ணுதான்."

"அது ஒட்டாது. குளிச்சிட்டு வாங்க. பவுடர், விபூதி, சென்ட் எதுவும் கூடாது. குழந்தையை நெஞ்சுல வச்சுக்கணும்."

குறைமாதக் குழந்தையை வெறும் மார்போடு மார்பாக வைத்துக் கட்டிக்கொண்டு உட்காருவது. இதற்குக் கங்காரு முறை என்றே பெயர். பெரியவர்களின் உடல்சூடு பட்டால் குழந்தைக்கு மூச்சு சீராகும், எடை ஏறும். அம்மாதான் செய்யவேண்டும். அம்மாவுக்கு முடியாவிட்டால் அப்பா. அப்பா கடலில். அடுத்தது யார் என்று தேடி என்னிடம் வந்திருக்கிறார்கள். வசுமதிக்கு மூக்கடைப்பு, தப்பித்தாள்.

"ஆம்பளை செய்யலாமா சிஸ்டர்?"

"மலைக்கோட்டையில இருக்க சாமியே அம்மாவா வந்து பிரசவம் பார்த்தவர்தானே. நீங்க திருச்சிக்காரர்தானே?"

சாமி சட்டையைக் கழற்றியதாகத் தலபுராணத்தில் இல்லை. அதைச் சொல்லவில்லை.

ஜூலை 19, சனி

வைத்தார்கள்.

நெஞ்சில் ஒரு வெதுவெதுப்பான வெண்டைக்காய். மூக்கில் மெல்லிய குழாய், தலையில் குல்லாய். என் தொப்பையின் உச்சியில் அவள் பாதம் முட்டுக்கொடுத்து நின்றது. இந்தத் தொப்பைக்கு இத்தனை வருடத்தில் கிடைத்த முதல் மரியாதை. நான் மூச்சு விட்டால் அவளும் ஏறி இறங்கினாள். அதனால் ஒழுங்காக விட்டேன்.

ஒரு ரகசியம். குழந்தையை எந்தப் பெயராலும் கூப்பிடக்கூடாது என்று பொற்கொடி கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள். "பேர் வச்சுக் கூப்பிட்டுப் பழகிடாதீங்க." முன்பு இரண்டு தடவை அவள் பழகியிருந்தாள். பெட்டியில் ஒட்டிய அட்டையிலும் பொற்கொடியின் குழந்தை என்றுதான் இருக்கிறது. நான் மட்டும் காதோடு காதாகக் குவோக்கா என்று கூப்பிடுகிறேன். பிறந்தது தங்காத வீட்டில் குப்பை, பிச்சை என்று பெயர் வைத்தால் எமன் ஏமாந்துபோவான் என்பது ஊர் நம்பிக்கை. குப்பையும் பிச்சையும் அவனுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். ஆஸ்திரேலிய விலங்கியல் தெரிந்திருக்க நியாயமில்லை.

மாடிக்குப் போய்ப் பொற்கொடியிடம் சொன்னேன்.

"எப்படிண்ணே இருந்தா?"

"உன் மாமியார் மாதிரி. கண்ணைத் திறக்காமலே அதிகாரம்."

தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு, "நெஞ்சுல வச்சுக்கறப்ப பயமா இல்லையா?" என்றாள்.

"எனக்கென்ன பயம்" என்றேன்.

ஜூலை 21, திங்கள்

நேற்றும் இன்றும் நெஞ்சில் வைத்தார்கள். இன்று விரலைப் பிடித்தாள்.

குவோக்காவைப் பற்றி மேலும் படித்தேன். படித்திருக்க வேண்டாம். துரத்துகிற மிருகத்தைக் கண்டு தாய் ஓடும்போது குட்டி பையிலிருந்து கீழே விழுந்துவிடுமாம். தாய் நிற்காமல் ஓடிவிடுமாம். குறிப்புக்கு இதெல்லாம் தேவையில்லை. சிரிக்கிற முகம் போதும்.

முசிறிக்காரர் பணியாரம் கொண்டுவந்தார். அவர் அக்கா சுட்டதாம். சுமார்.

ஜூலை 22, செவ்வாய்

காலையில் குளித்துவிட்டு, விபூதி வைக்காமல், தயாராகப் போனேன். "இன்னிக்கு வேணாம் சார்" என்றார் ஜெசிந்தா. முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

குழந்தை அடிக்கடி மூச்சு விட மறந்துபோகிறாளாம். மறதி என்றுதான் டாக்டரும் சொன்னார். இரத்தத்தில் கிருமி. தொண்டைக்குள் குழாய் விட்டு மெஷினில் போட்டிருக்கிறார்கள். மூச்சை மெஷின் விடுகிறது.

"கிருமி எங்கேருந்து டாக்டர்?"

"இத்தனை சின்னக் குழந்தைக்கு எங்கேருந்து வேணும்னாலும் வரலாம்."

எங்கேருந்து வேண்டுமானாலும். சரி.

வசுமதியும் நானும் பேசி முடிவு செய்தோம். பொற்கொடிக்குச் சொல்லப்போவதில்லை, காய்ச்சல் இறங்கட்டும். பூபாலனுக்கும் சொல்லப்போவதில்லை. கடலில் இருக்கிறவருக்குச் சொல்லி அவர் என்ன செய்வார், நீந்தி வருவாரா?

கடைக்குப் போய்ச் சோப்பு வாங்கினேன். கை கழுவினேன்.

ஜூலை 23, புதன்

நாச்சியப்பன் மூன்று தடவை கூப்பிட்டுவிட்டார். அச்சுக்குப் போகவேண்டிய பக்கம் எனக்காக நிற்கிறது. மெஷினின் சத்தம் கேட்கிற இடத்திலேயே உட்கார்ந்து எல்லாக் குறிப்புகளையும் ஒரே மூச்சில் எழுதி அனுப்பிவிட்டேன். வழக்கம்போல் கலகலப்பாகவே வந்திருக்கின்றன. தொழில்காரனுக்குச் சூழ்நிலை ஒரு பொருட்டில்லை என்பதை இளம் எழுத்தாளர்கள் கவனிக்கவேண்டும்.

வேறு சோப்பு வாங்கினேன். முதல் சோப்பு மட்டம், கை வெடிக்கிறது.

ஜூலை 24, வியாழன்

மாடியில் இன்று நான் சொன்னவை: குழந்தை கொட்டாவி விட்டாள். ஜெசிந்தாவை எட்டி உதைத்தாள். குல்லாய் பிடிக்காமல் தள்ளிவிட்டாள், நிறம் சரியில்லையாம்.

பொற்கொடி சிரித்தாள். ஒவ்வொரு பொய்க்கும் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தாள். மருந்து மயக்கமாக இருக்கும்.

பூபாலன் கப்பலிலிருந்து பேசினார். பாதி வார்த்தைகளைக் கடல் தின்றுவிட்டது. "மச்சான், எல்லாம் நல்லாத்தானே இருக்கு?"

"கட்டம் எல்லாம் சரியா விழுந்துட்டிருக்கு மாப்பிள்ளை."

"என்னது?"

"நல்லா இருக்கா, அதைச் சொன்னேன்."

ஜூலை 25, வெள்ளி

முசிறிக்காரரின் நாற்காலி காலி. அவர் பை, பிளாஸ்க் எதுவும் இல்லை. பக்கத்துத் தெருவில் யார் வீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்றுகூட விசாரிக்கிறவன் நான். விசாரிக்கவில்லை.

ஜூலை 26, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் மாடிக்குப் போனால் பொற்கொடி கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். காய்ச்சல் இறங்கியிருந்தது. மடியில் பத்திரிகை, கடைசிப் பக்கம். ஆஸ்பத்திரி வாசல் கடையிலிருந்து ஆயாவை அனுப்பி வாங்கியிருக்கிறாள். எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது. வசுமதி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தாள்.

"உட்காருண்ணே. விளக்குக்கு என்ன எழுதியிருக்கே?"

"ஞாபகமில்லையே. மின்வாரியம்?"

படித்தாள். "'காற்று சற்றே பலமாக அடித்தால் போதும்.' ஊஞ்சலுக்கு?"

"தெரியல."

"'போகும், வரும். ஒருமுறை வராமலும் போகலாம்.' இது சிரிப்பாண்ணே?"

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"இரு. புல்லாங்குழல்." விரலை வரியின் மேல் வைத்துக்கொண்டு மெதுவாகப் படித்தாள். "'தானாக மூச்சு விடத் தெரியாது. யாராவது ஊதிக்கொண்டே இருக்கவேண்டும்.'"

பத்திரிகையை மடித்து வைத்தாள்.

"யாருண்ணே ஊதுறா?"

எவ்வளவோ எழுதியிருக்கிறேன், பேசியிருக்கிறேன். கல்யாண வீட்டில் பந்தி தாமதமானால் ஜனங்களைச் சிரிக்கவைத்துச் சமாளிக்க என்னைத்தான் தள்ளிவிடுவார்கள். அவ்வளவு வாயும் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. வசுமதிதான் திரும்பாமலே சொன்னாள். "மெஷின்ல வச்சிருக்காங்க, கொடி. செவ்வாய்க்கிழமையிலேருந்து."

பொற்கொடி அழவில்லை. கத்தவும் இல்லை. மடித்த பத்திரிகையை மறுபடி விரித்தாள்.

"அந்தக் குவோக்கா என்னன்னு தெரியாம போன்ல தேடினேன். சிரிக்கிற மாதிரி இருக்கும்னு மட்டும் எழுதியிருக்கே. மிச்சத்தை ஏன் எழுதல?"

"என்ன மிச்சம்?"

"பயந்தா குட்டியைக் கீழ போட்டுட்டு ஓடிருமாமே."

"கொடி, அது வேற."

"நானும் பயந்துகிட்டேதாண்ணே இருந்தேன். ஏழு மாசமும். ரெண்டு தடவை போச்சே, இதுவும் போயிருமோன்னு ராவும் பகலும் அதே நெனப்பு. அதான் போட்டுட்டேன் போலருக்கு."

"போடறதில்ல. நான் படிச்சேன். ஓட்டத்துல பையோட வாய் தானா தளர்ந்துபோயிருதாம். அது தெரிஞ்சு செய்யல."

"அது வந்து உங்கிட்ட சொல்லிச்சா?"

"ஆமா. ஆஸ்திரேலியாலேருந்து போன் பண்ணிச்சு."

அவள் உதடு கோணியது. சிரிப்பா அழுகையா என்று எனக்குப் பிடிபடவில்லை, இரண்டும் சேர்ந்து வந்தது. கையை நீட்டி என் கையைப் பிடித்தாள். பிடித்தவள் திருப்பிப் பார்த்தாள்.

"என்னண்ணே கை இது? தோலெல்லாம் உரிஞ்சு கெடக்கு."

"சோப்பு மட்டம்."

"நீ வச்சுக்கிட்டதாலதான் கிருமின்னு நெனைச்சிட்டிருக்கியா?"

கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன், விடவில்லை.

"நல்ல குடும்பம்" என்றாள் பொற்கொடி. "நான் போட்டேன்னு நான், நீ குடுத்தேன்னு நீ. அங்க அவ ஒருத்தி யாரையும் கேக்காம படுத்திருக்கா. எழுந்திரு. சக்கர நாற்காலி கொண்டா."

ஜூலை 27, ஞாயிறு

டாக்டர் ரெஹானா எங்கள் இருவரையும் எதிரில் உட்காரவைத்துப் பேசினார். அம்மாவும் மாமாவும் ஆளுக்குப் பாதி குற்றத்தைப் பங்குபோட்டுக்கொள்வதால் குழந்தைக்கு ஒரு சொட்டுகூட உபயோகமில்லை, அந்த நேரத்தில் பால் பீய்ச்சிக் கொடுத்தால் உபயோகம் என்றார். கிருமிக்கு மருந்து மாற்றியிருக்கிறார்கள். "பிழைச்சிடுவாளா?" என்று பொற்கொடி நேராகக் கேட்டாள். இத்தனை நாளில் நாங்கள் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவில்லை.

"தெரியாதும்மா" என்றார் டாக்டர். "நேத்தைவிட இன்னிக்கு மெஷின் கொஞ்சம் கம்மியா வேலை செய்யுது. அது மட்டும்தான் தெரியும்."

பெட்டியின் ஓட்டை வழியாகக் கையை விட்டு உள்ளங்கையைக் குழந்தையின் தலைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் பொற்கொடி. வெளியே நின்று பார்த்தேன். முதுகுதான் தெரிந்தது.

ஜூலை 28, திங்கள்

நாச்சியப்பன் பேசினார். வாசகர் கடிதங்கள் வந்திருக்கின்றன. பட்டுக்கோட்டைக்காரர், 'இந்த வாரம் குறிப்புகள் உருக்கமாக இருந்தன, குறிப்பு எழுதுகிறவருக்கு வயதாகிவிட்டதா?' என்று கேட்டிருக்கிறாராம். ஆமாம் என்று போடச் சொன்னேன்.

ஜூலை 29, செவ்வாய்

மாற்றம் இல்லை.

ஜூலை 30, புதன்

மாற்றம் இல்லை. பொற்கொடி இரண்டு இட்லி சாப்பிட்டாள்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

நாளைக் காலை குழாயை எடுத்துப் பார்க்கப்போகிறார்களாம். எடுத்தபிறகு தானாக மூச்சு விடவேண்டும். விடாவிட்டால் மறுபடி போடவேண்டியதுதான். மறுபடி போடுகிற ஒவ்வொரு தடவையும் கஷ்டம் கூடும் என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்.

மாப்பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டும் என்றாள் பொற்கொடி. "நீதான் மறைச்சே, நீயே சொல்லு. ஜோக் அடிக்காம சொல்லு."

கப்பலுக்குப் போன் போட்டேன். ஜோக் அடிக்காமல் சொல்ல நாலைந்து வாக்கியம்தான் ஆனது. இஞ்சின் சத்தத்துக்கு நடுவே, "நான் இன்னும் அவ குரலைக்கூடக் கேட்கலையே மச்சான்" என்றார்.

"நாங்களும் கேட்கல மாப்பிள்ளை." பிறந்ததிலிருந்தே அவள் வாய்விட்டு அழுததில்லை. முதலில் திராணி இல்லை, பிறகு குழாய்.

ஆகஸ்ட் 2, சனி

என்னையும் உள்ளே நிற்க விட்டார்கள், சுவரோரமாக. பொற்கொடி மேலங்கியின் முன்பக்கத்தைத் திறந்துவிட்டுச் சாய்வு நாற்காலியில் தயாராக இருந்தாள். டாக்டர் ரெஹானா குனிந்தார். பிளாஸ்திரியை உரித்தார்கள். குழாய் வெளியே வந்தது. இவ்வளவு நீளமா உள்ளே இருந்தது?

ஒன்றும் கேட்கவில்லை. குழந்தையின் நெஞ்சுக் குழி உள்ளே போயிற்று, நின்றது. ஜெசிந்தா உள்ளங்காலைச் சுண்டினார். நின்றது. மறுபடி சுண்டினார். பொற்கொடி, "விடுடி" என்றாள். கெஞ்சலாக இல்லை, படிக்காமல் ஏமாற்றுகிற பிள்ளையை அதட்டுகிற மாதிரி.

அப்போது வந்தது. கீல் துருப்பிடித்த அலமாரிக் கதவைத் திறப்பதுபோல் ஒரு சத்தம். அப்புறம் இன்னொன்று, கொஞ்சம் கோபமாக. முகமெல்லாம் சிவந்து, மூக்கைச் சுருக்கி, நல்ல வீட்டுப் பெண் மாதிரியே இல்லாமல் அழுதாள்.

"அப்படித்தான்" என்றார் டாக்டர் ரெஹானா. "நல்லா அழட்டும். இன்னிக்கு ராத்திரி தாண்டணும், நாளைக்குத் தாண்டணும். ஆனா இது நல்ல அழுகை." தூக்கிப் பொற்கொடியின் மார்பில் வைத்தார்கள். அங்கே போயும் நிறுத்தவில்லை. பொற்கொடி அவள் முதுகில் கையை வைத்து மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு என் சட்டைப்பையைப் பார்த்தாள்.

நான் போனை எடுத்தேன்.

"சார், உள்ளே போன் கூடாது" என்றார் ஜெசிந்தா. சொல்லிவிட்டுத் திரும்பி, சரியாகவே இருந்த ஒரு திரையைச் சரிசெய்ய ஆரம்பித்தார்.

போனை உறையோடு சேர்த்துத் துடைத்துவிட்டு மாப்பிள்ளையின் நம்பரைப் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார். "மச்சான்? மச்சான், என்ன ஆச்சு?"

போனைக் குழந்தையின் பக்கம் நீட்டிப் பிடித்துக்கொண்டேன்.